பங்காளிக் கிடா

ஆட்டுச் சந்தையில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே வாய் பேசுவதைக் காட்டிலும் கை பேசுவது அதிகம். வாங்க வந்தவர் ஆட்டின் முதுகெலும்பின்மேல் விரலை ஓட்டிப் பார்க்கிறார். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து ஒரு முறை தூக்கிப் பார்க்கிறார். பிறகு அவரும் தரகரும் ஒரு துண்டுக்குள் கைகளை மறைத்துக்கொண்டு விரல்களால் பேரம் பேசுகிறார்கள். இவ்வளவு சடங்கும் ஒரே ஒரு கேள்விக்காகத்தான். இந்த ஆடு எத்தனை கிலோ தேறும்? கொம்பின் வளைவும் நிறத்தின் அழகும் அந்தத் துண்டுக்குள் நுழைவதில்லை. எடைதான் விலை. ஆட்டின் எடை குறைந்தால், அதை வளர்த்தவரின் வீட்டில் உலை கொதிப்பது குறைகிறது.

இந்த எடை பஞ்சம் இல்லாமல், நோய் இல்லாமல், ஒருவரும் அறியாமல், தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வரக்கூடும். அப்படிக் குறைவதற்குக் காரணமானவன் மந்தையை விட்டு எங்கும் ஓடி ஒளிவதில்லை. மந்தைக்கு முன்னால் தலை நிமிர்ந்து, கொம்பை ஆட்டிக்கொண்டு நடந்து போகிறான். அவனைப் பற்றித்தான் இன்று நாம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

பெரியவரின் மந்தை

கரிசல் சீமையில் ஒரு சிற்றூருக்கு நாம் போயிருந்தபோது, நாற்பது பெட்டையாடுகள் வைத்திருக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். அறுபத்தைந்து பிராயம் இருக்கும். தகப்பனார் காலத்திலிருந்து ஆடுதான் ஜீவனம். கோடையில் புஞ்சைக் காடுகளில் கிடை போட்டு எருவுக்குக் கூலி வாங்குவார். குட்டிகளைச் சந்தையில் விற்பார். ஆட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது அநேகமாக ஒன்றும் இல்லை என்றே நாம் எண்ணினோம்.

பேச்சு வாக்கில் அவர் ஒரு குறையைச் சொன்னார்.

"எங்க அய்யா காலத்துக் கிடா ஒண்ணு நின்னா, கன்னுக்குட்டி நிக்கிற மாதிரி இருக்கும், வாத்தியாரய்யா. இப்பப் பாருங்க, அதே வம்சந்தான். ஆனா குட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. அஞ்சு மாசத்துக் குட்டி மூணு மாசத்துக் குட்டி மாதிரி இருக்கு. பத்துப் போட்டா ரெண்டு தங்க மாட்டேங்குது."

"எதனால் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறீர்கள், பெரியவரே?"

"மேய்ச்சக்காடு போச்சு. எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். பிறகு கண்ணேறு வேற."

மேய்ச்சல் குறைந்தது உண்மைதான். ஆனால் அதே காட்டில் அவருடைய மைத்துனரின் ஆடுகளும் மேய்ந்தன. அந்தக் குட்டிகள் பார்வைக்கே பெரியவையாக இருந்தன. ஒரு தூக்குத் தராசைக் கொண்டுவரச் செய்து, ஏறக்குறைய ஒரே வாரத்தில் பிறந்த சில குட்டிகளை இரண்டு மந்தைகளிலிருந்தும் எடுத்து நிறுத்துப் பார்த்தோம். குட்டிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. நாலு குட்டிகளை நிறுத்து யாரும் சாஸ்திரம் எழுதிவிட முடியாது. ஆயினும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது.

"இந்தப் பொலிகிடா எங்கே வாங்கியது?"

"வாங்குறதாவது! நம்ம மந்தையிலே பிறந்ததுதான். இதுக்கு அப்பனும் நம்ம மந்தைதான். அதுக்கு அப்பனும் நம்ம மந்தைதான். நல்ல கிடா வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதுக்குக் காசைக் கொட்டணும்?"

மைத்துனரோ இரண்டு வருஷத்துக்கு முன் தூரத்துச் சந்தையிலிருந்து ஒரு கிடாவை வாங்கி வந்தவர்.

அப்போது நாம் கேட்டோம்: "உங்கள் பையனுக்குப் பங்காளி வீட்டில் பெண் எடுப்பீர்களா, பெரியவரே?"

அவருடைய முகம் மாறிவிட்டது. "என்ன வாத்தியாரய்யா, இப்படிக் கேட்டுட்டீங்க! பங்காளி பிள்ளைன்னா தங்கச்சி முறையில்ல ஆகும்?"

"உங்கள் மந்தையில் இருக்கும் ஆடுகள் எல்லாம் அந்தக் கிடாவுக்கு என்ன முறை ஆகும்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஷ்லிப் பண்ணையின் கீர்த்தி

பெரியவர் செய்த காரியத்தை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. உலகத்தின் மிகப் புகழ் பெற்ற ஆட்டுப் பண்ணையாளரும் இதையேதான் செய்தார். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் என்ற ஜில்லாவில் டிஷ்லி என்னும் இடத்தில் ராபர்ட் பேக்வெல் என்பவர் இருந்தார். 1725-ஆம் வருஷம் பிறந்து 1795-இல் காலமானவர். அவருடைய காலத்துக்கு முன்பு ஆட்டுக்கிடாக்களும் பெட்டைகளும் ஒன்றாகவே மேய்ந்து, மனம் போனபடி சேர்ந்து வந்தன. பேக்வெல் அவற்றைப் பிரித்து வைத்தார். எந்தக் கிடா எந்தப் பெட்டையுடன் சேர வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தார். சிறந்த கிடாவை அதன் மகளுடனும் தங்கையுடனும் சேர்ப்பதற்கு அவர் தயங்கவில்லை.

இதனால் விளைந்த பலன் பெரிது. விரைவில் கொழுத்து விரைவில் விற்பனைக்கு வரும் 'புதிய லெஸ்டர்' என்னும் ஆட்டினம் உண்டாயிற்று. அதன் குட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. பேக்வெல் தம் கிடாக்களை விற்காமல், ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். ஆரம்பத்தில் சில ஷில்லிங்குகளுக்குப் போன கிடாக்கள், பிற்காலத்தில் பல நூறு கினி பொன்னுக்கு வாடகை போயின. 1783-இல் இந்த வியாபாரத்துக்கென்றே டிஷ்லிச் சங்கம் ஒன்றும் ஏற்பட்டது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அந்த ஆடுகளின் மாமிசத்தில் கொழுப்பு மிகுதி என்றும், அவை குட்டி ஈனும் வளம் குறைந்தவை என்றும் பின்னால் குறைகள் எழுந்தன. பேக்வெலின் ஆடுகள் பிற்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டது, வேறு இன ஆடுகளுடன் கலப்பதற்கே. உறவுக்குள் சேர்ப்பது ஓர் இனத்தின் வடிவத்தை நிலைநிறுத்தும் கருவி. அதே கருவி, அந்த இனத்தின் வலிமையைச் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுத்துவிடவும் கூடும். சாமர்த்தியசாலியான பேக்வெல் பலவீனக் குட்டிகளை இரக்கமின்றிக் கழித்தும், ஒரே சமயத்தில் பல கிடாக்களை வைத்திருந்தும் இந்தச் சேதத்தை ஓரளவு தாங்கிக்கொண்டார். நாற்பது ஆடும் ஒரே கிடாவும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி ஏது?

இரண்டு பிரதிகள்

உறவுச் சேர்க்கையினால் எடை ஏன் குறைய வேண்டும்? இதை விளக்க நமக்கு ஒரு நல்ல உவமானம் கைவசம் இருக்கிறது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் பழைய நூல்களைப் பதிப்பிக்கும்போது, ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. பிரதி எழுதுகிறவர் கை தவறுவது சகஜம். ஓர் ஏட்டில் ஒரு சொல் பிழையாக இருந்தால், வேறோர் ஊரில் கிடைத்த ஏட்டில் அது சரியாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாடத்தைத் திருத்திவிடலாம். ஆனால் இரண்டு ஏடுகளும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவையாக இருந்தால்? ஒன்றில் உள்ள பிழை மற்றதிலும் அப்படியே இருக்கும். திருத்துவதற்கு வழியில்லை.

ஜீவராசிகளின் உடம்பிலும் இப்படித்தான். உடல் வளர வேண்டிய விதத்தைச் சொல்லும் 'ஜீன்' என்னும் மரபுக்கூறுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆட்டினிடத்தில் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று தாயிடமிருந்து வந்தது. மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது. பட்டாணிச் செடிகளை வைத்துக்கொண்டு இந்த உண்மையைக் கண்டவர் மெண்டல் என்ற துறவி. 1865-இல் அவர் இதைச் சபையில் வாசித்தார். எந்த ஆட்டிலும் சில பிரதிகள் பழுதுபட்டவையாகவே இருக்கும். பெரும்பாலும் மற்றப் பிரதி நன்றாக இருப்பதால் அந்தப் பழுது வெளியே தெரிவதில்லை. தாயும் தந்தையும் நெருங்கிய உறவாக இருந்துவிட்டால், பாட்டனிடம் இருந்த ஒரே பழுதுபட்ட ஏடு இரு வழியாகவும் வந்து குட்டியிடம் கூடிவிடுகிறது. அப்போது அந்தப் பழுது மறைந்திருக்க முடியாது.

இந்தப் பழுதுகளில் சில பயங்கரமானவை. 'சிலந்திக்குட்டி நோய்' என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் சஃபக், ஹாம்ஷயர் இன ஆடுகளில் கண்டது. கால்கள் நீண்டு வளைந்து, குட்டி நிற்க முடியாமல் போய்விடும். தாய் தந்தை இரண்டும் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதவை. இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தது என்பதுதான் காரணம். இவ்வாறான கோரத்தைக் கண்டால் ஆட்டுக்காரர் உடனே விழித்துக்கொள்வார். பெரும்பாலான பழுதுகளோ அற்பமானவை. ஒன்று பசியைச் சிறிது குறைக்கும். ஒன்று ஜீரணத்தைச் சிறிது மந்தமாக்கும். ஒன்று குடற்புழுவை எதிர்க்கும் சக்தியைச் சிறிது தளர்த்தும். இவை நூற்றுக்கணக்கில் சேரும்போது, குட்டி நோயாளியாகத் தெரிவதில்லை. சற்றுச் சிறியதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை எண்ணால் அளக்க முடியும். அமெரிக்காவில் ஸ்யூவால் ரைட் என்ற அறிஞர் கினிப்பன்றிகளை வைத்து ஆராய்ந்து, 1922-ஆம் வருஷத்தில் இதற்கு ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்தார். ஒரு குட்டியின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரின் ஒரே ஏட்டிலிருந்து வந்திருப்பதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதே அந்த எண். தந்தைக் கிடாவும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு 25. கூடப் பிறந்த கிடாவும் பெட்டையும் சேர்ந்தாலும் 25. தந்தை ஒன்று, தாய் வேறு என்ற அண்ணன் தங்கைக்கு 12½. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு 6¼. உறவே இல்லாத ஜோடிக்குச் சூன்யம்.

இந்த எண் ஒவ்வொன்று ஏறும்போதும் எடை எவ்வளவு இறங்குகிறது? பல நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 1984-இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. குட்டியின் உறவு எண் ஒன்று ஏறினால், பிறவி எடை சராசரியாக 13 கிராமும், பால் மறக்கும் பருவத்து எடை சுமார் 110 கிராமும் குறைகின்றன என்பது அதன் முடிவு. நூறு கிராம் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். தந்தைக்கும் மகளுக்கும் பிறந்த குட்டிக்கு இதை 25-ஆல் பெருக்கிப் பாருங்கள். பால் மறக்கும்போது ஏறக்குறைய 2¾ கிலோ நஷ்டம். இவை பெரிய உடல் வாய்ந்த மேல்நாட்டு ஆடுகளில் எடுத்த கணக்குகள். நம் நாட்டுச் சிறிய ஆடுகளுக்கு அப்படியே பொருந்தா. ஆனால் இறங்குமுகம் என்பது எங்கும் ஒன்றுதான்.

நஷ்டம் குட்டியோடு நிற்பதில்லை. உறவுச் சேர்க்கையில் பிறந்த பெட்டை வளர்ந்து தாயாகும்போது, அதன் மடியில் பால் குறைகிறது. சினை நிற்பதும் குறைகிறது. ஆகவே அதன் குட்டி, தன் பிறவியினால் ஒரு நஷ்டமும் தாயின் பால் குறைவினால் மற்றொரு நஷ்டமும் அடைகிறது.

ரைட்டின் கணக்கில் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. அதை ஒவ்வோர் ஆட்டுக்காரரும் மனப்பாடம் செய்ய வேண்டும். வெளியிலிருந்து ஆடே வராத ஒரு மந்தையில், தலைமுறைக்கு ஒரே கிடா இருந்தால், உறவு எண் ஒவ்வொரு தலைமுறையிலும் சுமார் 12½ வீதம் ஏறுகிறது. பெட்டைகள் நாற்பதா எண்பதா என்பதனால் இதில் அநேகமாக மாறுதல் இல்லை. கிடாக்களை இரண்டாக்கினால் ஏற்றம் பாதியாகிறது. நான்காக்கினால் கால் பங்காகிறது. "என்னிடம் நூறு ஆடு இருக்கிறது, எனக்கென்ன பயம்?" என்று ஒருவர் சொன்னால், "கிடா எத்தனை?" என்று கேளுங்கள். மந்தையின் உண்மையான அளவைச் சொல்வது அந்த எண்தான்.

தீவுகளின் சாட்சி

பண்ணைச் சோதனைகளை நம்பாதவர்களுக்கு, இயற்கையே நடத்தி வைத்த சில பரீட்சைகளைக் கூறுகிறோம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் செயின்ட் கில்டா என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே எஞ்சியிருந்த 36 ஜனங்களும் 1930-இல் பெருநிலத்துக்குக் குடியேறிவிட்டார்கள். 1932-இல், பக்கத்துச் சோய் தீவிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து, ஆள் இல்லாத ஹிர்ட்டா தீவில் விட்டார்கள். வேலி இல்லை, இடையன் இல்லை, வெளியிலிருந்து புதிய கிடா வருவதும் இல்லை. 1985 முதல் விஞ்ஞானிகள் அங்கே ஒவ்வோர் ஆட்டுக்கும் அடையாளம் இட்டு, அதன் பிறப்பு, எடை, சந்ததி, சாவு எல்லாவற்றையும் குறித்து வருகிறார்கள். தாய் தந்தையர் நெருங்கிய உறவாக அமைந்த ஆடுகள் எடையில் குறைந்தவை என்றும், அவற்றின் வயிற்றில் புழுக்கள் மிகுதி என்றும், கடுங்குளிரில் அவையே முந்தி மடிகின்றன என்றும் அந்தக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. புல் எல்லாவற்றுக்கும் ஒன்று, குளிரும் ஒன்று. வித்தியாசம் இரத்தத்தில் இருந்தது.

அமெரிக்காவில் மான்டானா ராஜ்யத்தில், காட்டெருமைகளுக்காக வேலியிட்ட ஒரு காட்டில், 1922-இல் பன்னிரண்டு பெருங்கொம்பு மலையாடுகளை விட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் அவற்றுக்குள் புதிய இரத்தம் சேரவில்லை. மந்தை பெருகாமல் தேங்கி நின்றது. 1985 தொடங்கிப் பத்து வருஷங்களில் வேறு இடங்களிலிருந்து பதினைந்து ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். புதிய இரத்தம் கலந்த குட்டிகள் பழையவற்றைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்ந்தன; அதிகக் குட்டிகளையும் ஈன்றன. பதினைந்து விருந்தாளிகள் வந்து ஒரு குடும்பத்தையே நிமிர்த்திவிட்டார்கள்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. அதை மறைப்பது நியாயம் அல்ல. இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடியில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கெர்கலன் தீவுகளில் ஒன்றில், 1957-இல் பாரிஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து கொண்டுபோன ஒரே ஒரு ஜோடி மூஃப்லான் என்னும் காட்டாடுகளை விட்டார்கள். இருபது வருஷத்தில் அவை சுமார் 700 ஆகிவிட்டன! அப்படியானால் உறவுச் சேர்க்கையால் கெடுதல் இல்லை என்று ஆகவில்லையா?

ஆகவில்லை. அந்த ஆடுகளின் மரபுக்கூறுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த அளவைவிட அவற்றில் வேற்றுமை மிகுந்திருந்தது. இரண்டு பிரதிகளும் வெவ்வேறாக அமைந்த குட்டிகளுக்கு இயற்கை தொடர்ந்து இடம் கொடுத்து வந்திருக்கிறது என்பதே ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. சகலத்தையும் கழித்துச் சிலவற்றைக் காப்பாற்றும் அந்தச் செலவை இயற்கை தாங்கும். வட்டிக்குக் கடன் வாங்கி ஆடு பிடித்தவர் தாங்க முடியுமா?

நம் தேசத்து ஆடுகள்

தமிழ்நாட்டில் மேச்சேரி, சென்னைச் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர், திருச்சிக் கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி என்று பெயர் பெற்ற செம்மறி இனங்கள் பல உண்டு. நம்முடைய வெயிலையும் வறட்சியையும் காய்ந்த புல்லையும் பழகிய உடம்பு அவற்றுக்கு. மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு. நீலகிரி ஆட்டின் கம்பளியோ மென்மையானது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளுடன் மெரினோ முதலிய மேல்நாட்டு ஆடுகள் கலந்து சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் உருவான இனம் அது. இன்று அதன் தொகை மிகவும் சுருங்கிவிட்டது. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வருகிறது. தொகை சுருங்கச் சுருங்க, உறவில்லாத கிடாவைத் தேடுவதும் கடினமாகிறது. இனம் அழிகிற பாதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

குட்டி சிறுத்துப்போனதைக் கண்டவுடன், "நாட்டு ஆடே மட்டம், வெளி இனம் கொண்டுவந்தால்தான் உருப்படும்" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இது நோயை அறியாமல் நோயாளியைத் தூற்றுவது போன்றது. இனத்தில் குற்றம் இல்லை. அந்த இனத்தின் ஒரே ஒரு கிளையை ஒரே பட்டிக்குள் அடைத்து வைத்ததில்தான் குற்றம். அதே இனத்தில், இருபது முப்பது மைலுக்கு அப்பால் பிறந்த ஒரு நல்ல கிடாவே அதற்குப் போதிய மருந்து.

செய்ய வேண்டியவை

மருந்து இவ்வளவு மலிவாக இருக்கும் வியாதிகள் உலகத்தில் அதிகம் இல்லை. உறவில்லாத கிடா ஒன்று வந்து சேர்ந்தால், தாய் எத்தனை தலைமுறை உறவுச் சேர்க்கையில் பிறந்ததாக இருந்தாலும், அடுத்த ஈற்றில் பிறக்கும் குட்டியின் உறவு எண் சூன்யமாகிவிடும். பாட்டன் காலத்துக் கடன் ஒரே ஈற்றில் தீர்கிறது. தாயின் பால் குறைவு மட்டும் அந்தத் தலைமுறையில் மீதி இருக்கும். அந்தக் குட்டிகளில் பெட்டைகள் வளர்ந்து தாயாகும்போது அதுவும் நேராகிவிடும்.

ஆகவே, பொலிகிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். அது தன் மகள்களுடன் சேரும் காலத்துக்கு முன்பே மந்தையை விட்டுப் போய்விடுவது நல்லது. பழைய கிடாவை நஷ்டத்துக்கு விற்க வேண்டும் என்பதில்லை. தூரத்து ஊரில் நல்ல கிடா வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்ளலாம், இருவருக்கும் லாபம்.

பக்கத்து ஊர்க் கிடா என்பதனால் மட்டும் அது அந்நியம் என்று நம்பிவிடக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு முன் நாமே அங்கே விற்ற கிடாவின் பேரனாக அது இருக்கலாம். "இதன் அப்பன் யார்?" என்று விசாரித்த பிறகே வாங்க வேண்டும். பல மந்தைகள் கூடும் கிடையில் கிடாக்கள் கலப்பது ஒரு விதத்தில் நன்மையே. ஆனால் அந்த மந்தைகள் எல்லாம் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட ஒரே மந்தையின் பாகங்களாக இருந்தால், பெயர்தான் பல, இரத்தம் ஒன்று.

மந்தையில் பிறக்கும் கிடாக்குட்டிகளை நான்கைந்து மாதத்துக்குள் பிரித்துவிட வேண்டும். அல்லது காயடித்துவிட வேண்டும். பெரிய கிடாவை மாற்றிவிட்டுச் சிறியவற்றைத் திரிய விட்டால் பயன் இல்லை. நூறு ஆடு உள்ளவர்கள் இரண்டு மூன்று கிடாக்களாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்த ஆடு எந்தக் கிடாவுக்கு எந்தத் தேதியில் ஈன்றது, குட்டி பிறந்தபோது எவ்வளவு, மூன்றாம் மாதத்தில் எவ்வளவு என்று எழுதி வைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் காகிதத்தில் தெரிந்துவிடும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இல்லாத குடும்பம் இன்று அபூர்வம். பள்ளிக்கூடத்தில் கற்ற கணக்குக்கு இதைவிட நல்ல உபயோகம் நமக்குத் தோன்றவில்லை.

எடைக் குறைவுக்கெல்லாம் உறவுச் சேர்க்கைதான் காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். குடற்புழு, பசி, நோய் ஆகியவை குட்டியை இன்னும் விரைவில் இளைக்கச் செய்யும். அவற்றுக்கு உரிய சிகிச்சையைக் கால்நடை வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஆனால் மருந்து கொடுத்தும், ஆகாரம் கொடுத்தும், பக்கத்து மந்தைக்கு ஈடாக நம் குட்டி எழும்பவில்லையென்றால், பார்வையைக் கிடாவின் பக்கம் திருப்ப வேண்டியதுதான்.

நாம் விடைபெறும்போது அந்தப் பெரியவர் வரப்பு வரை வந்தார். வெகு நேரம் பேசாமல் நடந்தவர், கடைசியில் சொன்னார்: "எங்க அய்யா அந்தக் கிடாவைப் பிடிக்க ரெண்டு நாள் நடந்து போனாரு, வாத்தியாரய்யா. நாங்க பொடிப் பயலுக, கூடவே ஓடினோம். அவர் என்னத்துக்கு அவ்வளவு தூரம் போனாருன்னு இன்னைக்குத்தான் விளங்குது."

அவருடைய தகப்பனார் மெண்டலையும் அறியார், ரைட்டையும் அறியார். ஆயினும் இரண்டு நாள் நடந்தார். இடையில் ஒரு தலைமுறை அந்த நடையைச் சோம்பலாலோ சிக்கனத்தாலோ நிறுத்திவிட்டது. அதற்கான விலையைத்தான் துண்டுக்குள் விரல்கள் இன்று குறைத்துக் கேட்கின்றன. அடுத்த சந்தைக்குத் தாமே போய் ஒரு கிடாவைப் பிடித்து வரப் போவதாகப் பெரியவர் சொன்னார். இந்தத் தடவை பஸ்ஸில் போகலாம். இரண்டு நாள் நடக்க வேண்டிய அவசியமில்லை.